‘உணரப்பட்ட பணவீக்கம்’: வேறு சொல் வேண்டும்

> உணரப்பட்ட பணவீக்கம், அளக்கப்பட்ட பணவீக்கம் என்றே வைத்துக்கொள்வோம். பொருள் தெளிவாகத்தானே இருக்கிறது?

ஐயா, வணக்கம். விலை எவ்வளவு ஏறியதாக மக்களுக்குத் தோன்றுகிறது என்பது ஒன்று, புள்ளிவிவரம் அளந்து சொல்வது இன்னொன்று. இரண்டுக்கும் நீங்கள் வைத்த பெயர்கள் பொருள் தெளிவுதான், வாயில்தான் நுழையவில்லை. தவிர, பணம் வீங்குவது பொருளியல்காரர் கண்ணுக்குத் தெரியும். கும்பகோணம் கடைத்தெருவில் பையோடு நிற்பவருக்குத் தெரிவது விலை. ‘பணவீக்க’த்தை இந்த இடத்தில் விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

எங்கள் அப்பாயி தினமும் காலணாவுக்கு வெற்றிலை வாங்குவாராம். 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா. கணக்குப்படி காலணா 1.5625 நயா பைசா. அப்படி ஒரு காசு ஏது? அரசின் மாற்று அட்டவணையிலேயே 2 என்றுதான் இருந்தது. முன்பு 64 தடவை வாங்க ஒரு ரூபாய். இப்போது 128 நயா பைசா. நூற்றுக்கு 28 கூடுதல்! ஆனால் ஓரணா, அதாவது 6.25, வெறும் 6 ஆனது. அதில் வாங்குபவருக்குக் கால் பைசா லாபம். அந்த லாபத்தை அப்பாயி ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெற்றிலைக்காரர் ‘ஏமாற்றியதை’ மட்டும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நெல், நகை, குத்தகை எல்லாம் ரூபாயில் பேசுவது. அங்கே எதுவும் அசையவில்லை. விலையேற்றத்தை அளக்கும் விலைக் குறியீட்டெண், செலவில் எது எவ்வளவு பங்கு என்று பார்த்து எடை போடும். மனசு எத்தனை தடவை காசை எடுத்து நீட்டினோம் என்று எண்ணும்.

2002-ல் யூரோ கைக்கு வந்தபோதும் இதே கதைதான். காபியும் முடிவெட்டும் கூலியும் ஏறியதைப் பார்த்து எல்லாமே ஏறிவிட்டதாக ஜெர்மானியர் கொதித்தார்கள். நாணய மாற்றத்தால் வந்த ஏற்றம் 0.1 முதல் 0.3 சதவீதப் புள்ளிதான் என்றது ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம். யார் கேட்டார்கள்? விலை கூடியது என்று பொருள்படும் ‘டொய்யர்’ என்ற சொல்லை யூரோவோடு ஒட்டி ‘டொய்ரோ’ என்று பேர் வைத்தார்கள். அந்த ஆண்டின் சொல்லாகவே அது தேர்வானது.

நமக்கு? ‘எனக்குப் படுகிறது’ என்பதிலிருந்து ‘படுவிலையேற்றம்’ செய்து பார்த்தேன். படுதோல்வி மாதிரி ஒலிக்கிறது. ‘உறைவிலை’ என்றால் விலை உறைந்து நிற்பதாக நினைப்பார்கள். ‘விலையுறைப்பு’ எப்படி? “இப்பத்தான் உறைச்சுதா?” என்று கேட்கிறோமே, அந்த உறைப்பு.

> ‘விலையுறைப்பு’ எப்படி?

மிளகாய் மண்டி நெடி அடிக்கிறது, தம்பி. ஆனாலும் ‘உணரப்பட்ட’தை விட மேல். ஒன்று கவனியுங்கள்: விலை ஏறாமலே ஏறியதாகத் தோன்றினாலும் இச்சொல் பொருந்துகிறது, ‘பொய்’ என்று யாரையும் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்தது. எதிர்ச்சொல்லாக ‘அளவை விலையேற்றம்’ என்று போடுகிறேன். படி, மரக்கால் பார்த்த ஊருக்கு ‘அளவை’ புரியும். மறுப்பிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.