கப்பல் பெயரைக் கடைசியில் தேடுங்கள்

*பொங்கோல் தங்கச்சி:* கொள்ளுத் தாத்தா 1924-ல ரஜுலா கப்பல்ல சிங்கப்பூருக்கு வந்தாருன்னு குடும்ப மரத்துல எழுதிடவா? பயணிங்க பட்டியல் எங்க கிடைக்கும்?

*ஈசூன் பெரியப்பா:* பொறும்மா. ரஜுலா 1926-லதான் ஓட ஆரம்பிச்சது. வருஷம் தப்பு, இல்லேன்னா கப்பல் தப்பு. எந்தக் கப்பல்ல வந்தாலும் ரஜுலான்னே சொல்லிப் பழகின குடும்பங்க நிறைய.

*உட்லண்ட்ஸ் அண்ணன்:* தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்குப் போன ஒப்பந்தக் கூலிங்களுக்கு 1860-லேர்ந்து 1911 வரைக்கும் கப்பல் வாரியா பதிவு இருக்கு. எண், அப்பா பேரு, வயசு, ஊரு, உடம்புத் தழும்பு எல்லாம். நம்ம பக்கத்துக்கு அப்படி எதிர்பார்க்காதே. மலாயாவுல ஒப்பந்த முறையை 1910-லயே நிறுத்தியாச்சு. அப்புறம் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி கூட்டிட்டு வந்தது, இல்ல சொந்தக் காசுல டெக் டிக்கெட், அதாவது அறை இல்லாம கப்பல் தளத்துலயே பயணம். பத்திரிகையில கேபின் பயணிங்க பேரைத்தான் போடுவாங்க. டெக்ல வந்தவங்க பெரும்பாலும் வெறும் எண்ணிக்கைதான்.

*பொங்கோல் தங்கச்சி:* பழைய பாஸ்போர்ட் ஒண்ணு பெட்டியில இருக்கு. முத்திரை மங்கிப் போச்சு 😔

*தெம்பனிஸ் அத்தை:* லேமினேட் பண்ணிடாதே, டேப்பும் ஒட்டாதே! ரூம் லைட்டை அணைச்சுட்டு, டார்ச்சைப் பக்கத்தோட ஓரத்துல படுக்க வச்சு அடி. ஸ்டாம்ப் அழுத்தினதுல பள்ளம் விழுந்திருந்தா நிழலாத் தெரியும். நாலு பக்கமும் திருப்பித் திருப்பி நாலு போட்டோ எடு. போன்ல கான்ட்ராஸ்டைக் கூட்டினா ஊதா மை கொஞ்சம் எழும்பி வரும்.

*ஈசூன் பெரியப்பா:* முத்திரைக்கு முன்னாடி, பாஸ்போர்ட் எந்த ஊர்ல கொடுத்ததுன்னு பாரு. சிங்கப்பூர்னு இருந்தா அவரு அதுக்கு முந்தியே வந்துட்டாரு. அந்த முத்திரை ஊருக்குப் போயிட்டுத் திரும்பினதுக்கு. இதைக் கவனிக்காமதான் பலபேரு வருஷத்தை மாத்தி எழுதிடுறாங்க.

*பொங்கோல் தங்கச்சி:* சிங்கப்பூர்னுதான் இருக்கு 😮

*ஈசூன் பெரியப்பா:* அப்போ அதுக்கு முந்தின கடிதங்களைத் தேடு. உறைமேல இருக்கிற தபால் முத்திரையில தேதியும் ஊர்த் தபாலாபீஸும் இருக்கும். கடிதத்துல தேதி போட மறந்திருப்பாங்க, முத்திரை மறக்காது. உறையைத் தனியாத் தூக்கிப் போட்டுடாதே.

*உட்லண்ட்ஸ் அண்ணன்:* தேதி ஓரளவு தெரிஞ்சாத்தான் கப்பலைப் பிடிக்க முடியும். தேசிய நூலகத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துல கப்பல் வருகைப் பத்தியைத் தேடு. ஆள் பேரைப் போடாதே, நெகபட்டாம்னு (Negapatam) நாகப்பட்டினத்தோட பழைய இங்கிலீஷ் பேரைப் போடு. பழைய அச்சைக் கம்ப்யூட்டர் தப்பா வாசிக்கும், அதனால தேடல்ல வரலேன்னா அந்த நாள் பேப்பரையே திறந்து கண்ணால பாரு.

*ஈசூன் பெரியப்பா:* மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இப்போ போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர். இதுதான் வழி. நாகையில கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும், ஆளுங்களைப் படகுல கொண்டுபோய் ஏத்துவாங்க. ஏறின நாளுக்கப்புறம் ரெண்டு வாரத்துப் பேப்பரையாவது பாரு. கப்பல்ல அம்மையோ காலராவோ இருந்தா செயின்ட் ஜான்ஸ் தீவுல இறக்கி வச்சிருப்பாங்க. அப்போ கப்பல் வந்த நாளும் இவரு ஊருக்குள்ள கால் வச்ச நாளும் ஒண்ணா இருக்காது.

*தெம்பனிஸ் அத்தை:* ஆவணத்துல பேரு கிளார்க் காதுல விழுந்தபடிதான் இருக்கும். முத்துசாமின்னா 'மு'வுக்கு யூ போட்டிருப்பான், இல்ல ரெண்டு ஓ. 'த்து'வுக்கு டிஹெச், ரெண்டு டி, ஒத்த டி. எல்லாத்தையும் போட்டுப் பாரு. அப்பா பேரை இவரு பேருன்னு எழுதினதும் உண்டு.

*உட்லண்ட்ஸ் அண்ணன்:* மாவட்டமும் அப்படித்தான். நாகை 1991 வரைக்கும் தஞ்சாவூர் மாவட்டம். புதுக்கோட்டை 1948 வரைக்கும் தனி சமஸ்தானம், மெட்ராஸ் மாகாணக் கோப்புல தேடிட்டு ஊரே இல்லேன்னு விட்டுடாதே.

*பொங்கோல் தங்கச்சி:* அப்போ மரத்துல இப்போதைக்கு என்ன எழுத?

*ஈசூன் பெரியப்பா:* "பாஸ்போர்ட் கொடுத்த வருஷத்துக்கு முன், கப்பல் உறுதியாகவில்லை"ன்னு போடு. பென்சில்ல எழுது. உறை கிடைச்சா முத்திரையை இங்க போட்டோ அனுப்பு, எல்லாருமாப் பார்ப்போம்.