ஊர் ஜிஏஏ கிளப்பின் வரலாற்றுப் பலகை: எந்த ஆண்டை நம்புவது?

மழைமேடு (அயர்லாந்து):
எங்கள் பாரிஷ் (தேவாலயப் பங்கு) ஜிஏஏ கிளப்பின், அதாவது அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டுகளை நடத்தும் கேலிக் தடகளச் சங்கத்தின் உள்ளூர்க் கிளப்பின், கூடத்தில் வரலாற்றுப் பலகை வைக்கிறார்கள். எழுதுகிற வேலை என் தலையில். வாசல் கல்லில் 1886 என்று செதுக்கியிருக்கிறது, ஆனால் மினிட் புத்தகம் (கூட்டக் குறிப்பேடு) 1903இல்தான் தொடங்குகிறது. தேதி இல்லாத புகைப்படம் ஒன்றில் 17 பேர் நிற்கிறார்கள். 1888ஆம் ஆண்டுச் செய்தித்தாள் நறுக்கு ஒன்று, நம் ஹர்லிங் (மட்டையால் பந்தடிக்கும் ஆட்டம்) அணி 1-0 என்ற கணக்கில் 0-5 எடுத்த அணியை வென்றது என்கிறது (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி). ஒரு கோலுக்கு 3 புள்ளி என்றால் நாம் தோற்றிருக்க வேண்டுமே? எதை எழுதுவது, எதை விடுவது?

பழைய_ஸ்லிட்டர்:
நறுக்கில் தப்பில்லை. அந்தக் காலத்தில் ஒரே ஒரு கோல் போட்டால் போதும், எதிரணி எத்தனை புள்ளி எடுத்திருந்தாலும் செல்லாது. 1892இல்தான் கோலுக்கு 5 புள்ளி என்று வந்தது, 1896இல் அது 3 ஆனது. பழைய ஸ்கோரை இன்றைய கணக்குக்கு மாற்றாமல் அப்படியே போட்டு, கீழே ஒரு வரி விளக்கம் கொடுங்கள். மாற்றிப்போட்டு, ஜெயித்த அணியைத் தோற்கடித்த பலகைகள் உண்டு.

புகைப்படத்துக்கு வருவோம். முதலில் அணிக்கு 21 பேர், 1892இல் 17, 1913இல் 15. அதனால் 17 தலை என்றதும் '1892க்கும் 1913க்கும் நடுவில்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். அவசரம் வேண்டாம், 15 ஆட்டக்காரர்களோடு இரண்டு நிர்வாகிகள் நின்றாலும் 17தான். ஜெர்சி போட்டவர்களை மட்டும் எண்ணுங்கள். பின்னால் கோல்கம்பம் தெரிந்தால் அதையும் பாருங்கள். 1910 வரை கோலுக்கு இரு பக்கமும் தனியாகப் புள்ளிக்கம்பங்கள் நின்றன. எச் வடிவம் அதற்குப் பிறகு வந்தது.

கில்டேர்தெரு_வாசகன்:
1886 விஷயம்தான் சிக்கலானது. ஜிஏஏ 1884 நவம்பர் 1 அன்று தர்ல்ஸ் ஊரில் ஹேய்ஸ் ஹோட்டலில் பிறந்தது. அடுத்த மூன்று நான்கு வருடங்களில் கிளப்புகள் மழைக்காளான் மாதிரி முளைத்தன. 1890 கடைசியில், தேசியத் தலைவர் பார்னெலுக்கு மணமான பெண்ணோடு இருந்த உறவு வெளிவந்த விவகாரத்தில் நாடே இரண்டுபட்டது. ஜிஏஏ பார்னெல் பக்கம் நிற்க, பாதிரியார்கள் எதிர்ப்பக்கம் போக, ஏராளமான கிளப்புகள் சத்தமில்லாமல் படுத்துவிட்டன. உங்களுடையதும் அப்படிப் படுத்து 1903இல் எழுந்ததாக இருக்கலாம். செய்தித்தாளில் 1891 முதல் 1902 வரை பெயர் வருகிறதா என்று தேடுங்கள். வராவிட்டால் '1886இல் தொடக்கம், 1903இல் மீண்டும்' என்று நேர்மையாகப் போடலாம். கல்லை உடைக்க வேண்டியதில்லை.

தேடும்போது இன்றைய பெயரை மட்டும் போட்டால் ஒன்றும் கிடைக்காது. ஒரே பாரிஷில் இரண்டு மூன்று அணிகள் எம்மெட்ஸ், சார்ஸ்ஃபீல்ட்ஸ், வுல்ஃப் டோன்ஸ் என்று தேசபக்தர் பெயர்களோடு இருந்து பிறகு ஒன்றாகியிருக்கும். ஊர்ப்பெயர், பாரிஷ் பெயர், பக்கத்து டவுன்லேண்ட் (பாரிஷுக்குள் உள்ள சிறு நிலப்பிரிவு) பெயர் மூன்றையும் போட்டுப் பாருங்கள். டப்ளின் தேசிய நூலகத்தில் மாவட்டப் பத்திரிகைகள் மைக்ரோஃபிலிமில் இருக்கின்றன. ஆட்டக்காரர் யார், எந்த வீடு, என்ன தொழில் என்பதற்கு 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கு இணையத்தில் இலவசம். வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். 1909இல் முதியோர் ஓய்வூதியம் வந்ததும், பத்து வருடத்தில் பதினைந்து வயது கூடிய பெரியவர்கள் நிறைய.

இன்னொரு பொறி: சாம்பியன்ஷிப்பின் ஆண்டும் இறுதி ஆட்டம் நடந்த ஆண்டும் வேறாக இருக்கும். முதல் அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதி 1887க்கு உரியது, ஆனால் பிர் ஊரில் நடந்தது 1888 ஏப்ரல் 1 அன்று.

காமன்_பிடி:
கோப்பைப் பட்டியலோடு நிறுத்திவிட்டால் அது கிளப்பின் வரலாறு ஆகாது. பெண்கள் விளையாட்டுக்குத் தனி அமைப்புகள்: கமோகி (பெண்கள் ஆடும் ஹர்லிங்) 1904, பெண்கள் கேலிக் கால்பந்து 1974. அதனால் உங்கள் மினிட் புத்தகத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அவர்களுடைய செயலாளரைக் கேட்டால் கிடைக்கும். 1969இல் தொடங்கிய 'ஸ்கோர்' என்ற ஜிஏஏ கலைப் போட்டிகளில் உங்கள் ஊரார் பாடியது, ஆடியது, வாரா வாரம் லாட்டோ (கிளப் லாட்டரி) டிக்கெட் விற்று மைதானத்துக்குப் பணம் சேர்த்தது, இறுதி ஊர்வலத்தில் ஜெர்சியோடு இரு வரிசையாக நிற்பது எல்லாம் பலகைக்கு உரியவைதான். ஆட்டக்காரருக்குச் சம்பளமில்லாத அமைப்பு இது, கோடு போடுகிறவருக்கும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. 1971 வரை சாக்கர் கால்பந்து, ரக்பி ஆடினாலோ பார்க்கப் போனாலோ தடை. பழைய மினிட்டில் அப்படி நீக்கப்பட்டவர்கள் பெயர் வரும், அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று அதே மைதானத்தில் ஆடுவார்கள். விதியை எழுதுங்கள். பெயர் போடுவதானால் குடும்பத்தைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் ஐரிஷ் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஷான் என்ற பெயரில் எழுத்தின் மேல் வரும் ஃபாதா கோடு விடுபட்டால் அது 'பழைய' என்ற சொல்லாகிவிடும்.

மழைமேடு:
படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஜெர்சியில் 15 பேர், கோட்டும் தொப்பியுமாக இருவர். பின்னால் எச் கம்பம். 1892 என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டேன்.