புதுப்பிப்பு: ஏஜென்ட் தப்பான டூலைக் கூப்பிடும் சிக்கல்

முந்தைய இழையின் சிக்கல் இதுதான்: ஆர்டர் எண் கையில் இருந்தும் ஏஜென்ட் (நாம் எழுதிக் கொடுத்த செயல்பாடுகளை, அதாவது டூல்களை, தானே அழைத்து வேலை செய்யும் AI) 'ஆர்டர் விவரம்' டூலை விட்டுவிட்டு 'ஆர்டர் தேடு' டூலுக்கே போகிறது. இரண்டுக்கும் "ஆர்டர் தகவல் தரும்" என்ற ஒரே விளக்கம். ஏஜென்ட்டை இயக்கும் AI மாடல், டூலுக்குள் இருக்கும் நிரலைப் பார்ப்பதில்லை. பெயர், விளக்கம், ஸ்கீமா (என்னென்ன உள்ளீடு, எந்த வடிவில் என்ற வரையறை), அவ்வளவுதான் அதன் கண்ணுக்குத் தெரியும்.

தேடலின் புதிய விளக்கம்: "போன் எண்ணை வைத்து ஆர்டர்களைத் தேட. அதிகபட்சம் 20 முடிவுகள், புதியது முதலில். ஆர்டர் எண் தெரிந்தால் இதை அழைக்காதே. 'ஆர்டர் விவரம்' பயன்படுத்து." அந்தக் கடைசி வரிதான் குழப்பத்தைத் தீர்த்தது.

டூலுக்குத் தரும் தேதி உள்ளீட்டின் (அளவுரு) விளக்கத்தில், வடிவத்தோடு 2025-03-04 மாதிரி ஓர் உதாரணமும் வையுங்கள். இல்லையென்றால் 04/03 மார்ச்சா ஏப்ரலா என்று மாடலே ஊகிக்கும்.

பலர் கண்டுகொள்ளாதது டூல் திருப்பித் தரும் பிழைச்செய்தி. "தவறான உள்ளீடு" என்று மட்டும் வந்தால் மாடல் அதே அழைப்பையே திரும்ப அனுப்பக்கூடும். "போன் எண் 10 இலக்கம், +91 வேண்டாம்" என்றால் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது.