அம்மாவின் இடுப்பு முறிவு: புதுப்பிப்பு

குளியலறை வாசலில் விழுந்து அம்மாவுக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது, 76 வயதில் ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்டிருந்தேன். தள்ளிப்போட்டால் படுக்கைப்புண்ணும் நிமோனியாவும்தான் வரும் என்று பலரும் எழுதினீர்கள். செய்துவிட்டோம், பாதி மூட்டு மாற்று. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். பிசியோதெரபி பெண்ணைத் திட்டிக்கொண்டேதான் நின்றார்.

தையல் பிரித்ததும் டெக்ஸா ஸ்கேன், அதாவது எலும்பு அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே. அந்த அடர்த்தியைச் சொல்லும் எண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 3.1. மைனஸ் 2.5-க்கு இறங்கினாலே ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு மெலிவு நோய். விழுவதற்கு முன் ஒருவர்கூட இதை எடுக்கச் சொல்லவில்லையே என்பதுதான் எரிச்சல்.

எலும்பு கரைவதைக் குறைக்க, வருடத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தை, 5 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார்கள். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும். அதனால் முதலில் வைட்டமின் டி-யைச் சரிசெய்து, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்த பிறகே ஏற்றினார்கள். அன்று ராத்திரி காய்ச்சல், உடம்பு வலி. முதல் தடவை அப்படித்தான் இருக்குமாம், பாராசிட்டமாலில் அடங்கிவிட்டது.

கால்சியம் மாத்திரை மட்டும் போதாதா என்று கேட்டவருக்கு: ஏற்கெனவே முறிந்தவர்களுக்குப் போதாது. 2007-இல் வெளியான ஹொரைசன் ஆய்வில், இடுப்பு அறுவைக்குப் பின் 90 நாளுக்குள் இந்த மருந்தை ஏற்றிக்கொண்டவர்களுக்கு அடுத்த முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன.

அப்புறம், கழிப்பறையில் கைப்பிடி பொருத்தியாச்சு. கால் தடுக்கும் தரை மிதியடிகள் எல்லாம் பரணில்.