தோட்டத்து வீட்டுக்குக் கேமரா போட்டாப் போதுமுங்களா?

கொறங்காட்டான்:
எங்க வீடு வெள்ளகோவில் பக்கம், தோட்டத்துக்குள்ள. அய்யனும் அம்மாவும் மட்டுந்தான். கூப்பிடு தூரத்துல வேற வீடு இல்லீங்க. 2024-ல பல்லடம் பக்கம், 2025-ல சிவகிரி பக்கம் தோட்டத்து வீடுகள்ல வயசானவங்களைக் கொன்னு நகையெடுத்துட்டுப் போனதுல இருந்து, திருப்பூர்ல எனக்குத் தூக்கம் புடிக்கறதில்லை. நாலு கேமரா போடலாம்னா, அய்யன் 'நாயி இருக்குதுல்ல'ங்கறார். மாசத்துல ரெண்டு நாள் எங்கிட்ட வந்துருவாங்க, அப்ப வீடு பூட்டித்தான் கெடக்கும்.

பட்டறைக்காரன்:
தாராபுரம் ரோட்டுல கிரில் பட்டறை வெச்சிருக்கேனுங்க. திருட்டுப் போன வீட்டுக்கு மறுநாள் கதவு மாத்த என்னைத்தான் கூப்புடுவாங்க. பூட்டு ஒடைஞ்சு நான் பாத்தது கம்மி. பூட்டு அப்படியே தொங்கும், பூட்டை மாட்டற கொண்டிதான் நிலையில இருந்து பேத்துட்டு வந்திருக்கும். ஆயிரம் ரூவா பூட்டை முக்கா இஞ்சு திருகாணியில நிக்கற கொண்டியில மாட்டுனா, கடப்பாரையில ஒரே நெம்பு, அவ்வளவுதான். கொண்டிக்குப் போல்ட் போட்டு, நட்டு உள்பக்கம் வர்ற மாதிரி முடுக்குங்க. அதைவிட உள்பூட்டு நல்லது. வெளிய தொங்கற பூட்டு 'ஊட்டுல ஆளில்லை'ன்னு நாமளே போர்டு மாட்டுன மாதிரி.

பின்னாடி கிளுவை வேலி ஆளுசரம் வளந்திருந்தா இடுப்பளவுக்கு வெட்டி விடுங்க. மறைவு இருந்தா ஜன்னல் கம்பியைச் சாவகாசமா உக்காந்து அறுப்பான். அப்பறம், கடப்பாரை, ஏணியெல்லாம் வெளிய போட்டு வெக்காதீங்க. ஒரு வீட்டுல அவங்க கடப்பாரையாலயே அவங்க கதவைத் தொறந்திருந்தானுங்க!

சென்னிமலை அம்மிணி:
நாங்க ஊருக்குப் போனா, பக்கத்து அக்கா வந்து வாசத்தெளிச்சு ரெண்டு இழை கோலம் இழுத்துட்டுப் போயிரும். கோலமில்லாத வாசலும் பட்டப்பகல்ல எரியற லைட்டும் தூரத்துல இருந்தே காட்டிக் குடுத்துரும். நாயி கறித்துண்டுக்கு மயங்கிருமுங்க. நாலு கினிக்கோழி விடுங்க. புது ஆளு தலை தெரிஞ்சாப் போதும், மரத்து மேல இருந்து ஊரைக் கூட்டிரும். உங்கய்யன் தூக்கமும் போயிரும், அது வேற கதை.

நொய்யல்கரை:
கேமரா போடுங்க, ஆனா ரெக்கார்டர் பெட்டியை டிவிக்குக் கீழ வெக்காதீங்க. எங்க மாமனார் வீட்டுல பீரோவோட சேத்து அந்தப் பெட்டியையும் தூக்கிட்டானுங்க. அட்டாலி (பரண்) மேல மறைச்சு வெச்சு, படம் போனுக்கும் வர்ற மாதிரி பாத்துக்குங்க. கரண்டு போனா ஓடறதுக்கு யூபிஎஸ் வேணும். வீட்டைப் பூட்டிட்டு வர்றப்ப ஸ்டேஷன்ல சொல்லிட்டு வரச் சொல்லுங்க, ரோந்து வர்றவங்க எட்டிப் பாப்பாங்க.

கொறங்காட்டான்:
இதைப் படிச்சுட்டு அய்யனுக்குப் போன் போட்டேனுங்க. கொண்டியைப் புடிச்சு இழுத்துப் பாத்திருக்கார், ஒரு திருகாணி கையோட வந்துருச்சாமா. பட்டறைக்காரரே, ஞாயித்துக்கெழமை பட்டறை தொறந்திருக்குமுங்களா?