முதுகெலும்பில் ஸ்க்ரூ போட ரோபோ: கூடுதல் காசு கொடுக்கலாமா?

செந்தில்:
அம்மாவுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பில் எல்4 (நாலாவது) எலும்பு, கீழே உள்ள எல்5-க்கு மேல் முன்பக்கம் நகர்ந்துவிட்டது. ஸ்க்ரூ, ராடு வைத்து இணைக்க வேண்டுமாம். ரோபோ என்றால் தனிக் கட்டணம். "தப்பே நடக்காது சார்" என்கிறார் கவுன்ட்டரில் இருந்தவர். கொடுக்கலாமா?

கரிசல்காட்டான்:
வேண்டாம் தம்பி. ரோபோ ஆபரேஷன் செய்வதில்லை. சி.டி. படத்தில் டாக்டர் குறித்த கோட்டின்படி ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். துளை போடுவதும் ஸ்க்ரூவை முடுக்குவதும் டாக்டர் கைதான். 2012-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 60 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். கையால் போட்டதில் 93 சதவீத ஸ்க்ரூ சரி, ரோபோவில் 85!

தியேட்டர் டெக்னீஷியன்:
இந்த ஆய்வைத்தான் எல்லாரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதில் இருந்தது ஸ்பைன்அசிஸ்ட், 2004-ல் அமெரிக்க அனுமதி பெற்ற இஸ்ரேல் கருவி. இப்போதுள்ள மசோர் எக்ஸ் ஸ்டெல்த், எக்செல்சியஸ் ஜிபிஎஸ் இரண்டிலும் கருவி முனை எங்கே போகிறது என்று திரையில் அப்போதைக்கப்போது தெரியும். பிறகு வந்த ஒப்பீடுகள் பலவற்றில் ரோபோதான் முந்தியிருக்கிறது. சிறு கீறல் வழியே போடும்போது எலும்பே கண்ணில் படாது. ரோபோ இல்லையென்றால் சி-ஆர்மில் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே எடுக்கும் மெஷின்) படம், மறுபடி படம். ஈய ஏப்ரனைச் சுமந்துகொண்டு நிற்கும் எங்களையும் கொஞ்சம் நினையுங்கள்!

கரிசல்காட்டான்:
சரி, கதிர்வீச்சை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேய்ந்த மூட்டின் சரிவில் டிரில் முனை வழுக்கினால்? குழாய் சரியாகத்தான் நிற்கும், துளை தள்ளிப் போயிருக்கும். எலும்பு எங்கே இருக்கிறது என்று ரோபோவுக்குக் காட்ட எலும்பில் மாட்டிய அடையாளக் கருவியில் யார் முழங்கையாவது இடித்தால் கணக்கு மொத்தமும் போச்சு. இன்னொன்று, ஸ்க்ரூ எலும்புச் சுவரைத் தாண்டி 2 மி.மீ.க்குள் வெளியே போனாலும் "சரி" என்றுதான் எண்ணுகிறார்கள், பெரும்பாலும் நோயாளிக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் ரோபோ முந்துகிறது என்கிற அந்தக் கொஞ்ச சதவீதத்தால் அம்மாவின் கால்வலி எவ்வளவு குறையும்?

தியேட்டர் டெக்னீஷியன்:
அதனால்தான், இடம் தெரிந்த ஒரு எலும்பு முனையைத் தொட்டு, கருவி இடிபட்டதா என்று சரிபார்க்கிறோம். முதுகு வளைந்தவர்கள், ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு ரோபோ என்பேன். செந்தில், உங்கள் அம்மாவுக்கு ஒரே மட்டம் (இரண்டு எலும்பை மட்டும் இணைப்பது), முதல் ஆபரேஷன். கடன் வாங்கியெல்லாம் கட்ட வேண்டியதில்லை.

செந்தில்:
டாக்டரிடம் என்ன கேட்பது?

கரிசல்காட்டான்:
மெஷின் பாதியில் நின்றால் கையால் முடிப்பாரா என்று கேள்.

தியேட்டர் டெக்னீஷியன்:
அந்த ரோபோவில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்றும் கேளுங்கள். கவுன்ட்டரில் வேண்டாம், டாக்டரிடமே.