பின்னாடி 6 சென்ட்ல டர்ஃப்: 6.8 லட்சம் போடலாமா?

கிணத்துக்கடவு_வாசி:
வணக்கங்க. வீட்டுக்குப் பின்னாடி 6 சென்ட் சும்மா கெடக்கு, ஓரத்துல ஒரு வேப்பமரம், மத்ததெல்லாம் பார்த்தீனியம் தான். பசங்க ரெண்டு பேரும் வாரம் ரெண்டு நாள் டவுன்ல மணிக்கு 1,000 ரூபா குடுத்து டர்ஃப்ல (செயற்கைப் புல் கிரவுண்டு) ஆடிட்டு வர்றானுங்க, நாமளே வீட்ல போட்டா என்னன்னு 70க்கு 32 அடிக்கு கொட்டேஷன் வாங்கினேன். டர்ஃப் சதுர அடி 75 ரூபா, அது 1.68 லட்சம் ஆச்சு, கம்பம் நெட்டு 2 லட்சம், லைட் 60 ஆயிரம், ‘பேஸ் ஒர்க்’ 1.8, மணல் கூலி எல்லாம் சேர்த்து 6.8 சொல்றாங்க. போடலாமா?

மண்கிரவுண்டு:
வேண்டாங்க. 70 அடி நீளத்துல என்ன ஆடுவாங்க? பிட்ச்சே 22 கஜம், அதாவது 66 அடி. மிச்சம் 4 அடி தான், பவுலர் உங்க சமையல்கட்டுல இருந்து தான் ஓடி வரணும். ஃபுட்பால்னு சொன்னா, டீமுக்கு அஞ்சு பேர் ஆடற ஃபுட்சாலுக்கே குறைஞ்சது 25 மீட்டருக்கு 16 மீட்டர் வேணும், உங்களுக்கு 21க்கு 10 கூட முழுசா வரல. செம்மண் கொட்டி ரோலர் விட்டு மேல ஒரு மேட் விரிங்க, போதும். மதியம் 2 மணிக்கு வெறுங்காலோட டர்ஃப் மேல ஒரு நிமிஷம் நின்னுட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.

டர்ஃப்_ஓனர்:
அண்ணே, வீட்டு கிரவுண்டுக்கு ஃபிஃபா ரூல் எதுக்கு? பசங்க 16 கஜத்துல ரெண்டு எட்டு வச்சு போடுவானுங்க, ஜாலியா இருக்கும். சூடு உண்மை தான், ஆனா மதியம் 2 மணிக்கு மண்ணுல மட்டும் எவன் ஆடறான்? நாலு வருஷமா டர்ஃப் வச்சிருக்கேன், 4:30க்கு மேல தான் ஆளே வருவாங்க.

ஒண்ணு மட்டும் சொல்றேன், காசு புல்லுல இல்ல, அதுக்கு அடியில இருக்கு. எனக்கு மொத தடவை போட்டவர் மண்ணை லெவல் பண்ணி அப்படியே விரிச்சுட்டுப் போயிட்டார், ஐப்பசில ரெண்டு நாள் மழை, நடுவுல சாப்பாட்டுத் தட்டு மாதிரி குழி விழுந்து ஜாயிண்ட் வாயைப் பொளந்துடுச்சு. புல்லுக்கு நடுவுல கொட்டின மணல் பூரா அரிச்சுட்டு வந்து கேட் கிட்ட குமிஞ்சு கெடந்துச்சு, நானும் என் மச்சானும் முறத்துல வாரினோம். எல்லாத்தையும் எடுத்துட்டு திரும்பப் போட்டேன். மேல் மண்ணை வெட்டி எடுத்துட்டு 40 எம்எம் ஜல்லி, ரோலர், அப்புறம் 20 எம்எம், அதுக்கு மேல கிரஷர் டஸ்ட், ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியா இறுக்கணும், தண்ணி வடியறதுக்கு வாட்டம் 100 அடிக்கு 1 அடி விடணும், உங்க 32 அடிக்கு கிட்டத்தட்ட 4 இஞ்ச். ‘பேஸ் ஒர்க்’னு ஒரே வரியில எழுதிக் குடுத்தா கையெழுத்து போடாதீங்க, எந்த அடுக்கு எத்தனை இஞ்ச்னு எழுதி வாங்குங்க.

மண்கிரவுண்டு:
நல்லா சொன்னீங்க, இதையே தான் நானும் சொல்றேன், இவ்ளோ ரிஸ்க் எதுக்கு? வாரம் 2,000னா வருஷம் 1 லட்சம், 6.8 போட்டா காசு திரும்பவே ஆறே முக்கால் வருஷம் ஆவும், அதுக்குள்ள புல்லு வெயில்ல காஞ்சு நரைச்சுடும். ஆமா, பெரியவன் என்ன படிக்கிறான்?

கிணத்துக்கடவு_வாசி:
பத்தாவதுங்க. சின்னவன் ஏழாவது.

மண்கிரவுண்டு:
முடிஞ்சுது. அடுத்த ரெண்டு வருஷம் டியூஷன், அப்புறம் ஹாஸ்டல். வேப்பமரத்தை விக்கெட் கீப்பரா நிறுத்திட்டு நீங்க ஆடுங்க.

டர்ஃப்_ஓனர்:
சின்னவனுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்குல்ல அண்ணே. புல்லு போனா புல்லை மட்டும் தான் மாத்தணும், பேஸும் கம்பமும் அப்படியே நிக்கும், அதைக் கணக்குல சேர்க்கலையே நீங்க.

காம்பவுண்டு_அந்தப்பக்கம்:
இவங்க ரெண்டு பேரும் அக்கம்பக்கத்தை மறந்தே போயிட்டாங்க. எங்க பக்கத்து வீட்ல இதே தான் போட்டிருக்காங்க, சைடு நெட்டு மட்டும் கட்டிட்டு மேல நெட்டு கட்டல. எங்க சோலார் பேனல்ல ஒண்ணு காலி, கேட்டா ‘டென்னிஸ் பால் தானேங்க’ன்றாங்க. லைட் வேற நேரா எங்க படுக்கைரூம் ஜன்னல்ல அடிக்குது. மேல் நெட்டு கண்டிப்பா போடுங்க, லைட்டைக் கீழ் பார்த்து சாய்ச்சு வைங்க. அப்புறம் ‘சும்மா தானே இருக்கு’ன்னு வெளி ஆளுக்கு வாடகைக்கு விட்டுடாதீங்க, வீட்டு கரண்ட் கனெக்‌ஷன்ல வியாபாரம் பண்ணா ஈபி காரங்க ஃபைன் போடுவாங்க.

இன்னொரு விஷயம், புல்லுக்கு நடுவுல கருப்பு ரப்பர் துகள் கொட்டச் சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க. ஷூவுலயும் சாக்ஸ்லயும் ஒட்டிட்டு வீடு பூரா வரும், மழைக்குச் சாக்கடைக்குப் போகும். மைக்ரோபிளாஸ்டிக்னு சொல்லி ஐரோப்பால 2023லயே சட்டம் கொண்டுவந்துட்டாங்க, 2031 அக்டோபருக்கு மேல அங்க விக்கவே முடியாது.

டர்ஃப்_ஓனர்:
அதுல நானும் உங்க கட்சி தாங்க. வீட்டுக்கு வெறும் சிலிக்கா மணலே போதும், அந்த அளவுக்கு 3 டன் பக்கம் புடிக்கும். வேப்பமரத்தை மட்டும் யோசிச்சுக்கோங்க, இலையுதிர் சீசன்ல தினம் கூட்டலைன்னா இலை மக்கி மணலோட சேர்ந்து மேல பாசி கட்டிக்கும். எனக்கு புங்கமரம், அனுபவிக்கிறேன்.

மண்கிரவுண்டு:
தினம் கூட்டணுமா? பராமரிப்பே கிடையாதுன்னு தானே எல்லா விளம்பரத்துலயும் போடறீங்க?

டர்ஃப்_ஓனர்:
நான் விக்கிறவன் இல்லண்ணே, வாங்கி மாட்டுனவன்.

கிணத்துக்கடவு_வாசி:
வாட்டம்னு படிச்சதும் இன்னைக்கு சாயங்காலம் ஒரு வேலை பண்ணேன். வேலி ஓரத்துல இருந்து நாலு குடம் தண்ணியை ஊத்திட்டு நின்னு பார்த்தேன். நேரா ஓடி செப்டிக் டேங்க் மூடிகிட்ட போய் தேங்கிடுச்சு. அது இருக்கறதையே மறந்துட்டேங்க, கொட்டேஷன் போட்டவரும் அது மேலயே தான் டேப்பை இழுத்துட்டுப் போனார். வீட்டுக்காரி ‘மூடி மேல புல்லை ஒட்டிட்டு அப்புறம் லாரி வந்தா கிழிப்பீங்களா’ன்னு கேக்கறா.

டர்ஃப்_ஓனர்:
அக்கா கேட்டது தான் கரெக்டு. டேங்கை வெளிய விட்டு அளந்து பாருங்க, தண்ணி வேற பக்கம் போற மாதிரி வாட்டத்தைத் திருப்பணும்.

கிணத்துக்கடவு_வாசி:
அளந்துட்டேங்க. நீளம் 46 அடி தான் வருது.

மண்கிரவுண்டு:
செம்மண் லோடுக்கு எங்க ஊர் ஆள் நம்பர் வேணுமா?